பத்து நாள் குஞ்சு இட்ட முட்டை

டிசம்பர் 29, ஞாயிறு

புது டைரி. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்துதான் எழுத வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால் அட்டைக்குப் பின்னால் இருக்கும் வெற்றுப் பக்கத்திலேயே தொடங்கிவிட்டேன்.

அத்தை கெடு வைத்துவிட்டார். அத்தை என்றால் என் மாமியார், கண்ணாத்தாள். தோசை சுட்டுக்கொண்டே அறிவித்தார்.

"இந்தவாட்டி வாங்கற குஞ்சுகளும் செத்துப்போச்சுன்னா ஷெட்டுல தறி போட்டர்லாம் வசு. மாசி ஒண்ணாந் தேதி தறிக்காரக் குமரவேலு அளவெடுக்க வாரான். சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு என் தட்டில் தோசையை வைத்தார். என் தோசையில் மட்டும் நெய் மிதந்தது. தூக்குத் தண்டனைக் கைதிக்குக் கடைசியாக நல்ல சாப்பாடு போடுவார்களாமே, அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன்.

தறி! நான் சோமனூர்க்காரி. எட்டுத் தறிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் உப்பு கேட்பதானாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் கேட்போம். கல்யாணமாகிப் பல்லடம் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்த அன்று, எதுவுமே கடகடக்காத அமைதியில் எனக்குக் காது வலித்தது. பிறகு நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தேன். காலையில் ஷெட் கதவைத் திறந்ததும் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பும். என்னை அப்படி யாரும் எங்கேயும் வரவேற்றதில்லை. அந்த ஷெட் என்னுடையது. பத்திரம் அத்தை பேரில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆனால் இரண்டு முறை தோற்றுவிட்டேன். இரண்டு முறையும் ரத்தக் கழிச்சல். ஐந்தாவது வாரத்தில் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் ஒதுங்கும், எச்சத்தில் ரத்தம் வரும், அப்புறம் அள்ளிப் புதைக்க வேண்டியதுதான். தீவனத்தில் மருந்து கலந்துதான் கொடுத்தேன். கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டதாம். இரண்டாம் முறை எனக்கும் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். சாதாரணக் காய்ச்சல்தான். அதை விடுவோம்.

இந்தத் தடவை புது வழி ஒன்று இருக்கிறது. நினைத்தாலே கை பரபரக்கிறது.


ஜனவரி 2, வியாழன்

கால்நடை டாக்டர் ஷாஹிதா ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

"இதுக்குள்ள என்னங்க டாக்டர்?"

"ரத்தக் கழிச்சல் கிருமி."

"கிருமியைக் கொல்ற மருந்துங்களா?"

"இல்ல வசுமதி. கிருமியேதான். உசுரோட."

நான் குப்பியைக் கீழே போடாதது என் முன்னோர் செய்த புண்ணியம்.

டாக்டர் சிரித்துக்கொண்டே உட்கார வைத்து விளக்கினார். "சாதாரணக் கிருமி குஞ்சோட குடலுக்குள்ள சாவகாசமா உக்காந்து, மடங்கு மடங்காப் பெருகி, குடலைக் கிழிச்சுட்டுத்தான் வெளிய வரும். இது அவசரக்குடுக்கை. யாரு மொதல்ல வெளிய வர்றாங்களோ அவங்களை மட்டும் எடுத்து எடுத்து, பல தலைமுறையா வளர்த்த ரகம். பெருகறதுக்கு நேரமில்லாம அரைகுறையா முடிச்சுட்டு ஓடி வந்துரும். குடலுக்குப் பெருசா சேதமில்ல. ஆனா எதிரி எப்படி இருப்பான்னு குஞ்சோட உடம்பு பார்த்து வெச்சுக்கும். நெசமான கிருமி வர்றப்ப அடையாளம் தெரிஞ்சு அடிச்சுத் தொரத்திரும்."

எனக்கு அந்தக் கிருமி மேல் பாசம் பொங்கிவிட்டது. அவசரக்குடுக்கையால் உலகத்துக்கு நன்மை உண்டு என்று இத்தனை வருடத்தில் ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்களா?

டாக்டர் போட்ட நிபந்தனைகள்: ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. தீவனத்திலோ தண்ணீரிலோ கழிச்சல் மருந்து கலக்கவே கூடாது. கலந்தால் நாம் கொடுத்த கிருமியும் செத்துவிடும், குஞ்சு ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் வைத்ததும் ரகளை ஆரம்பித்தது.

"கழிச்சல் கிருமி ஒரு தட்டுல, இட்லி மாவு ஒரு தட்டுலயா? அட கெரகமே!" என்று அத்தை மாவுப் பாத்திரத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். மத்தியான வெயிலில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, தரையெல்லாம் வழிந்தது. ராத்திரிக்கு எல்லோருக்கும் ராகிக் களி. இவர் களியை விழுங்கிக்கொண்டே ஃபிரிட்ஜை ஒரு பார்வை பார்த்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், தண்டபாணி. நூல் மில்லில் எலக்ட்ரீசியன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் அவர் அதிகம் பேசுவதில்லை.

ஒரு மர்மம். சாயங்காலம் வெகு நேரம் கரண்ட் இல்லை. பதறிக்கொண்டு ஓடிப் பார்த்தால், குப்பியை யாரோ ஈரத்துணியில் சுற்றி, டம்ளரில் வைத்து, மண்பானைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்கள். இவர் அப்போது மில்லில் இருந்தார். அத்தையைக் கேட்டேன். "கிருமியை நான் எதுக்குத் தொடறேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னே யார் செய்தது என்றே தெரியவில்லை.


ஜனவரி 3, வெள்ளி

வந்தாச்சு! வந்தாச்சு! ஒருநாள் குஞ்சுகள். பெட்டியைத் திறந்ததும் ஒரே கீச்சுக்கீச்சு. தறியில் வளர்ந்த என் காதுக்கு இதைவிடச் சத்தம் வேண்டுமா!

குப்பியிலுள்ளதைத் தண்ணீரில் கரைத்து, டாக்டர் கொடுத்த சிவப்புச் சாயத்தைச் சேர்த்து, துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கப் புதிதாக வாங்கி வைத்திருந்த பாட்டிலில் ஊற்றிக் குஞ்சுகள் மேல் தெளித்தேன். சாயம் எதற்கென்றால், பளிச்சென்று சிவப்பாக எதைப் பார்த்தாலும் குஞ்சு கொத்தும். ஒன்றின் முதுகில் இருக்கும் துளியை இன்னொன்று கொத்தும்போது கிருமி வயிற்றுக்குள் போய்விடும். ஊசி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொண்டே வைத்தியம் முடிந்துவிடுகிறது.

எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. தலை, முதுகு, அலகு, கால் விரல். அழகு! நான் ரசித்துக்கொண்டிருந்தபோது அத்தை மோர் கொண்டு வந்தார்.

சொம்பு விழுந்தது. "ஐயோ! மொத நாளே ரத்தமா! வசு! அத்தனையும் ரத்தம்டி!"

"சாயமுங்க அத்தை!"

"கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா? அலகுல வழியுது பாரு!"

நான் அதே பாட்டிலால் என் கையில் தெளித்துக் காட்டினேன். அவசரத்தில் அத்தையின் வெள்ளைப் புடவையிலும் பட்டது. பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி அண்ணன் அந்த நேரம் பார்த்துத்தானா வேலியோரம் வர வேண்டும்? சிவந்த கையோடு நான், சிவந்த புடவையோடு அத்தை. அண்ணன் ஒன்றுமே கேட்காமல் வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனார்.


ஜனவரி 6, திங்கள்

எல்லோரும் நலம். ரோஜா நிறம் போய்ப் பழையபடி மஞ்சளாகிவிட்டார்கள். அத்தையின் புடவை மட்டும் ஆகவில்லை.


ஜனவரி 9, வியாழன்

டாக்டர் வந்து பார்த்தார். குஞ்சுகளை அல்ல, குப்பையை! ஷெட் தரையில் உமியும் தேங்காய் நார்த் தூளும் பரப்பியிருக்கிறோம். எச்சமெல்லாம் அதில்தான் விழும். டாக்டர் அதைக் கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடித்தார். கட்டியாக நின்றது. விரலால் தட்டினார். உதிர்ந்தது.

"புட்டு மாவுப் பதம். பிடிச்சா பிடிபடணும், தட்டினா உதிரணும். இதேமாதிரி வெச்சுக்குங்க."

இனி இந்த ஜென்மத்தில் நான் புட்டு சாப்பிடுவேனா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். குஞ்சு முதல் நாள் கொத்தித் தின்ற கிருமி உள்ளே போய்ப் பெருகி, அதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அவை குப்பையின் ஈரத்தில் பக்குவப்பட வேண்டும். குஞ்சு குப்பையைக் கிளறும்போது அவற்றை மறுபடி தின்ன வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று வந்தால்தான் முழுக் காப்பு. முதல் நாள் கொடுத்தது அரிச்சுவடி, மிச்சப் பாடமெல்லாம் குப்பையில்தான் நடக்கிறது. அதனால் இன்னும் சில வாரத்துக்குக் குப்பையை மாற்றக் கூடாது, அள்ளக் கூடாது.

அத்தை எதையும் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுகிறவர். அவரிடம் உடனே சொல்லி வைத்துவிட்டேன்.

"அத்தை, ஷெட்டுக் குப்பையைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

"அப்படியா? ஏன், கையில கிய்யில ஒட்டிக்குமா?"

"எல்லாம் உசுருள்ள கிருமியாச்சுங்களே."

"செரி, செரி. தொடாத," என்றார். அத்தை இவ்வளவு சுலபமாக ஒன்றை ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை.


ஜனவரி 13, திங்கள், காப்புக்கட்டு

கை கால் எல்லாம் வலிக்கிறது. தலைமுடி நாறுகிறது. சிரித்துச் சிரித்து வயிறும் வலிக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் காப்புக்கட்டு. வீடு, மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு எல்லாம் கூட்டிக் கழுவி, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி, நோய் நொடி அண்டாமல் இருக்கக் கூரையில் செருகுவோம். காலையில் அத்தை, "நீயும் தண்டபாணியும் பல்லடம் போயி பானை, கரும்பெல்லாம் வாங்கீட்டு வாங்க. மெதுவா வந்தாப் போதும்" என்றார். வளையல் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காசு வேறு கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் ஷெட் கூரையில் பூளைப்பூ. உள்ளே பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. சுண்ணாம்பு வாசனை. அதற்கு மேல் புத்தம் புதிய உமி. குஞ்சுகள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சுத்தமான இடத்தில் நின்றுகொண்டிருந்தன. நடுவில் அத்தை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக.

"எப்புடி?" என்றார்.

நான் போட்ட கத்தலில் பானையை இவர் கீழே விட்டுவிட்டார். (உடையவில்லை.)

"குப்பை எங்கீங்க அத்தை?"

"மயில்சாமி டிராக்டர்ல ஏத்தி அவன்ற தோப்புக்குத் தாட்டியுட்டேன்."

நான் டிவிஎஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். கரும்பு பின்னால் கட்டியபடியே இருந்தது. வளைவில் திரும்பும்போது யாரோ ஒருவரின் தலையிலிருந்த உருமாலை அது தட்டிக்கொண்டு போனது. அவர் யாரென்று நின்று பார்க்க நேரமில்லை.

தோப்பில் குப்பை ஒரே குவியலாகக் கிடந்தது. மயில்சாமி அண்ணன் மண்வெட்டியோடு நின்றார்.

"அண்ணா! தொடாதீங்க! குப்பையைத் திருப்பிக் குடுங்க!"

"குடுத்த குப்பையத் திருப்பிக் கேக்கறத இன்னைக்குத்தானம்மிணி பாக்கறேன்."

"அதுக்குள்ள முட்டை இருக்குதுங்ணா! லச்சக்கணக்குல!"

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "உன்ற குஞ்சு வந்து எத்தன நாளாச்சு?"

"பத்து நாளுங்க."

"பத்து நாள் குஞ்சு முட்டை வெக்குதா?"

"குஞ்சு வெக்கலீங்ணா. குஞ்சுக்குள்ள இருக்கறது வெச்சுது."

அண்ணன் மெல்ல ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலியோரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம் ஊரைப் பார்க்க ஓடினார். நான் சாக்கில் அள்ள ஆரம்பித்தேன். நாலாவது சாக்கு நிறைவதற்குள் கையில் வேப்பங்கொத்தோடு பாதி ஊர் வந்துவிட்டது.

"எங்க அம்மிணி முட்டை?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாததை லச்சம்னு எப்புடி எண்ணுன?"

நல்ல கேள்வி. நாளைக்கு டாக்டரைக் கேட்க வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டே எல்லோரும் அள்ளினார்கள், அதைச் சொல்ல வேண்டும். தெரியாத முட்டை உடைந்துவிடக் கூடாது என்று ஒரு பெரியம்மா பொறுக்கிப் பொறுக்கி, பூப்போல எடுத்து வைத்தார். டிராக்டர் நிறைந்த நேரத்தில் அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், பின்னாலேயே இவரும்.

"குப்பையைத் தொடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னனே அத்தை!"

"அதான் நீ தொடாம நானே அள்ளுனேன்!"

"யாருமே தொடக் கூடாதுங்க!"

"அதை யாருன்னு சொல்லோணுமில்ல! கையில ஒட்டிக்குமான்னு கேட்டனா இல்லையா? எனக்கு ஒட்டுனா ஒட்டீட்டுப் போகுது, உனக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் உன்னை ஊரைத் தாண்டி அனுப்பிப்போட்டு, ஒத்தையா நின்னு அள்ளுனேன். இடுப்பு உட்டுப்போச்சு!"

இப்படியும் ஒரு சதியா என்று யோசித்தேன். தறி போடுவதற்காகத்தான் செய்தாரோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் இவர் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் யாரால் நிறுத்த முடியும்?

ஷெட்டுக்கு வந்து சுண்ணாம்பையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டுக் குப்பையைத் திரும்பப் பரப்பினோம். ஊரே கைப்பிடி கைப்பிடியாகத் தூவியது. அத்தை கடைசியில் ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரலால் தட்டிப் பார்த்தார். உதிர்ந்தது.

"புட்டு மாவு," என்றார். நான் அவரிடம் அதைச் சொன்னதாக ஞாபகமில்லை. டாக்டர் வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பார் போல.


ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

டாக்டருக்கு வாழ்த்துச் சொல்லவும் புலம்பவும் போன் செய்தேன். வெகு நேரம் சிரித்தார். பிறகுதான் கவலையோடு சொன்னார்: குஞ்சுகள் பாதி நாள் அந்தக் குப்பை இல்லாமல் இருந்ததால் பெரிய நஷ்டமில்லை, ஆனால் சுண்ணாம்பு பட்டதில் எத்தனை பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாக் குஞ்சுக்கும் பாடம் ஏறியதா என்பது ஐந்தாவது வாரத்தில்தான் தெரியும்.

பொங்கல் நன்றாகப் பொங்கியது. முட்டை பார்க்க இன்றும் மூன்று பேர் வந்தார்கள்.


ஜனவரி 20, திங்கள்

சில குஞ்சுகள் சோர்ந்து நிற்கின்றன. ஓர் எச்சத்தில் ரத்தத் துளி பார்த்தேன்.

சண்டை. இவர் கடைக்குப் போய்க் கழிச்சல் மருந்துப் பொட்டலம் வாங்கி வந்துவிட்டார். பேசாத மனிதர் இன்று பேசினார். "கண்ணு முன்னால சாகறத எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கறது? தண்ணில கலந்து உட்ரலாம்."

"மூணாவது வாரத்துல லேசா அப்படித்தான் காட்டுமாம். உடம்பு கத்துக்கற நேரம். இப்ப மருந்து போட்டா எல்லாம் பாழ்."

"போடலீனா?"

தண்ணீர்த் தொட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். யாராவது கலக்க வந்தால் முதலில் என்னைக் கரைக்கட்டும் என்றேன்.

அத்தை வந்தார். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "தண்டபாணி, அதைக் கொண்டுபோயி அலமாரியில வெய்யி. புள்ள வேண்டாங்குதில்ல."

அவ்வளவுதான், பொட்டலம் உள்ளே போய்விட்டது. எனக்கு நன்றாகப் புரிகிறது: குஞ்சு செத்தால் தறி வந்துவிடும், அதுதான் அத்தை என் பக்கம் பேசுகிறார். கெட்டிக்காரி.

தொட்டி மேல் உட்கார்ந்திருந்தவளுக்குத் தட்டில் சோறு போட்டு அங்கேயே கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான்.


ஜனவரி 24, வெள்ளி

தெளிந்துவிட்டன! சோர்ந்து நின்றவையெல்லாம் இன்று தீவனத் தட்டில் ஏறிக் குஸ்தி போடுகின்றன. நானும் கொஞ்சம் ஆடினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான்.


பிப்ரவரி 2, ஞாயிறு

ஐந்தாவது வாரம் தொடங்கிவிட்டது. காலம் தவறிய மழையும் வந்துவிட்டது. இந்த மாதத்தில் இப்படி ஒரு மழையா! சாரல் உள்ளே அடித்துக் குப்பை கொழகொழக்கிறது. புட்டுப் பதம் போய்க் களிப் பதம் ஆகிவிட்டது. நானும் அத்தையும் உலர்ந்த உமியைக் கொட்டிக் கொட்டிக் கிளறிவிட்டோம்.

மயில்சாமி அண்ணன் வீட்டுக் கோழிகளுக்கு ரத்தக் கழிச்சலாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான்.


பிப்ரவரி 4, செவ்வாய்

மழை. எழுத ஒன்றும் ஓடவில்லை.


பிப்ரவரி 6, வியாழன்

காலையில் ஷெட்டைத் திறந்தேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மூலையில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. தொட்டுப் பார்த்தேன், விறைத்திருந்தது.

இவ்வளவு நாள் இந்த டைரியில் கும்மாளம் போட்டுவிட்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்படியே அந்த ஈரக் குப்பையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அத்தைதான் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். போன் போடத் தெரியாது என்று இத்தனை நாள் எங்களிடம் சாதித்தவர்.

டாக்டர் வந்து, சிமெண்டுச் சாக்கை விரித்து, கோழியை அறுக்கத் தொடங்கினார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. சுவரைப் பார்த்து நின்றேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தறி கேட்டது எதுக்குன்னு நெனச்ச?" என்றார் மெதுவாக.

"வருமானத்துக்குங்க."

"வருமானம் கெடக்குது. போனவாட்டி அத்தனையும் புதைச்சுப்போட்டு வந்து படுத்தியே. காய்ச்சல்னு சொன்ன. நீ தூங்கறப்ப நெத்தியத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்ல. ஏழு நாளு, இந்த வீட்டுல உன்ற சத்தமே இல்ல. தறி நின்னுபோனா ஆளக் கூப்புட்டு ஓட்டிக்கலாம். நீ நின்னுபோனா நான் யாரக் கூப்படறது?"

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வசுமதி! இங்க வாங்க!" என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் கையைப் பிடித்தபடியே போனோம். குடல் விரிந்து கிடந்தது. வெளிர் நிறம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பாருங்க, எவ்வளவு சுத்தம்! கழிச்சலே இல்ல. குளிருக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்ததுல இது அடியில மாட்டி மூச்சு முட்டியிருக்குது. ராத்திரிக்குப் படுதாவை நல்லா இறக்கி உடுங்க, போதும். வேலிக்கு அந்தப் பக்கம் நோய் இருந்தும் இந்தக் குடல் இப்படி இருக்குதுன்னா, உங்க அவசரக்குடுக்கைங்க வேலையைப் பார்த்துட்டாங்கன்னு அர்த்தம்."

அத்தை டாக்டரைக் கட்டிப் பிடித்தார். டாக்டரின் கையில் கத்தி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் அழுதேன், சிரித்தேன், செத்த கோழியிடம் மன்னிப்புக் கேட்டேன், மறுபடி சிரித்தேன். இவர் மில்லிலிருந்து வந்து, மூன்று பெண்கள் ஒரு கோழிக் குடலைச் சுற்றி நின்று ஆனந்தக் கண்ணீர் விடுவதைப் பார்த்து, சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றார்.


பிப்ரவரி 9, ஞாயிறு

மழை விட்டது. எல்லோரும் நலம். மயில்சாமி அண்ணன் வந்து, அடுத்த முறை குப்பி வாங்கும்போது தனக்கும் சொல்லச் சொன்னார். "அந்த முட்டையேதான் வேணும்" என்றார். இப்போது அவரும் கண்ணுக்குத் தெரியாத முட்டையைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்கிறாராம்.


பிப்ரவரி 13, வியாழன், மாசி ஒன்று

தறிக்காரக் குமரவேலு வந்தார். அவரை வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இல்லை, அத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா, அதுவும் தெரியவில்லை. டேப்போடு நேராக ஷெட் வாசலுக்கு வந்து நின்றார்.

"எத்தன தறி போடறதுங்க பெரியம்மா? எடம் நல்ல நீளமா இருக்குதே."

அத்தை காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "என்னைக் கேட்டா? அவளோட ஷெட்டு. அவளைக் கேளு."

அவளோட ஷெட்டு. காதில் விழுந்தது சரிதானா என்று இவரைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். குமரவேலு என் பக்கம் திரும்பினார். கதவுக்கு உள்ளேயிருந்து அத்தனை தலைகளும் என்னைப் பார்த்தன. பேசுவதற்கென்றே பிறந்த எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குமரவேலு காப்பியைக் குடித்து முடித்தார். என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். "மருமக ஒண்ணுஞ் சொல்லலீங்களே பெரியம்மா?"

"சொல்லீட்டாளேப்பா. தறி வேண்டாமாம்," என்றார் அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டே. "அவ்வளவு சத்தமாச் சொன்னாளே, உனக்குக் கேக்கலையா?"

நான் வாயைத் திறக்கவே இல்லை.